கொப்புளத்துக்கு அடியில்

மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடத்தில்தான் நான் இஸ்திரி போடுகிறேன். இடம் என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, அவ்வளவுதான். குனிந்து நுழைந்து குனிந்தே வெளியே வரவேண்டும். ஆனால் அங்கே உட்கார்ந்துவிட்டால் கட்டிடத்தில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், எந்த வீட்டில் என்ன சண்டை என்று எல்லாம் தானாகக் காதில் விழும். நான் ஒட்டுக் கேட்பதில்லை. காதைப் பொத்திக்கொள்வதும் இல்லை.

எதிர்க்கதவு டெய்லரக்கா வீடு. அவள் தைத்தது என் மேசைக்கு வந்து மடிப்பு விழுந்த பிறகுதான் சொந்தக்காரர் கைக்குப் போகும். அதனால் நாளில் பாதி நேரம் நாங்கள் பேசிக்கொண்டே இருப்போம், அவள் அங்கிருந்து, நான் இங்கிருந்து. நடுவில் யாராவது நடந்து போனால் அவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை பேசுவோம்.

அவள் வீட்டுக்காரருக்குத் தெருக்கோடியில் இருக்கும் முலாம் பட்டறையில் வேலை. தண்ணீர்க் குழாய், கதவுக் கைப்பிடி, சைக்கிள் ஹேண்டில்பார் எல்லாவற்றையும் கொக்கியில் மாட்டி, ஆசிடில் கழுவி, பச்சையாக இருக்கும் நிக்கல் தொட்டியில் முக்கி எடுக்கிற வேலை. உள்ளே போகும்போது அழுக்கு இரும்பு, வெளியே வரும்போது முகம் பார்க்கலாம். தெருவில் அவருக்குப் பேரே பளபளா. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். டீக்கடையில் ஸ்பூனைக் கொடுத்தால் முதலில் திருப்பிப் பார்த்து, நகத்தால் சுரண்டி, "சரியா கழுவாம முக்கியிருக்கான்" என்று ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டுத்தான் சர்க்கரையைக் கலக்குவார். அதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

அக்காவுக்கு வலி முதலில் பிடித்தது விரலில். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. வெந்நீரில் ஊறவைத்தால்தான் கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையும். தைக்கிறவளுக்கு விரல் வலிப்பது என்ன அதிசயம் என்று விட்டுவிட்டாள். பிறகு மணிக்கட்டு. பிறகு வலது முழங்கால். அவளுடையது காலால் மிதித்துத் தைக்கிற பழைய மெஷின். மோட்டார் வைத்துக்கொள்ளேன் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். கேட்கமாட்டாள். மோட்டார் அதன் அவசரத்துக்கு ஓடும், கால் என் அவசரத்துக்கு ஓடும் என்பாள். அந்தக் கால் வீங்கிச் சிவந்து, மிதிக்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடிப்பது என் மேசைவரை தெரிந்தது.

முடக்குவாதம் என்றார்கள். வயசானவர்களுக்கு வருகிற தேய்மானம் இல்லை, இது வேறு. உடம்புக்குள் கிருமியை அடிப்பதற்கென்று ஒரு காவல் இருக்கிறதாம். அது புத்தி பிசகி, சொந்த மூட்டையே எதிரி என்று அடிக்கிறதாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அதை எனக்கு விளக்கினாள் அக்கா.

"வளத்த நாயே வீட்டுக்காரியைக் கடிக்குதாம்டி. நாயைக் கொல்லவும் முடியாதாம். பல்லை மட்டும் மழுங்க வெக்க மாத்திரை கொடுத்திருக்காங்க."

மாத்திரையில் விரல் ஓரளவு அடங்கியது. முழங்கால் அடங்கவில்லை. உள்ளே குருத்தெலும்பு அரித்துப்போய் எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தது. செயற்கை மூட்டு வைப்பது என்று முடிவாயிற்று. வைப்பதற்கு முன்னால் ஏதாவது உலோகம் ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறாள். முலாம் பூசிய தோடு போட்டால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் காது நீர் கோக்கும். அதைச் சொல்லத் தோன்றவில்லையாம். எந்தப் பெண்ணுக்குத்தான் மட்டமான தோட்டில் காது புண்ணாகவில்லை என்று பிற்பாடு என்னிடம் கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மூட்டு நன்றாகவே வேலை செய்தது. தடியை வீசிவிட்டு மொட்டைமாடிவரை ஏறிப்போய்த் துணி காயப்போட்டாள். மெஷின் மறுபடி ஓடியது. வெட்டுத் தழும்பைச் சுற்றித் தினமும் எண்ணெய் விட்டு நீவிவிட்டால் தசை இறுகாது என்று பயிற்சி கொடுக்கிறவர் சொல்லியிருந்தார். அக்காவின் விரலுக்கு நீவுகிற பலம் ஏது? பளபளா மாமா அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. முலாம் ஏறிய சாமானைக் கடைசியாக ஒரு சுடுதண்ணீர்த் தொட்டியில் முக்கி எடுப்பார்கள், சீக்கிரம் உலர்வதற்காக. வேலை முடிகிற நேரத்தில் அந்தத் தண்ணீர் பதமான சூட்டில் இருக்கும். அதில் கையை முழங்கை வரை விட்டுக் கழுவிக்கொண்டுதான் எல்லாரும் கிளம்புவார்கள். மூத்தவர் முதலில், இளையவர் கடைசியில். அதில் முதல் ஆளாகக் கை வைப்பது ஒரு மரியாதை. நாளெல்லாம் ஆசிடிலும் ஈரத்திலும் வெடித்துக் கிடக்கிற கைக்கு அந்தச் சூடு எவ்வளவு இதம் என்று மாமா சொல்லும்போது நமக்கே ஆசையாக இருக்கும். அவர்தான் இப்போது அங்கே மூத்தவர். கையைக் கழுவிக்கொண்டு நேராக வீட்டுக்கு வருவார். டீகூடக் கேட்கமாட்டார். தரையில் உட்கார்ந்து, அக்காவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெதுவெதுப்பான எண்ணெயைத் தழும்பின் இரண்டு பக்கமும் விட்டு, கெண்டைக்கால் வரை மெதுவாக நீவிவிடுவார். கதவு திறந்தேதான் இருக்கும். கட்டிடத்துப் பெண்களெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி அவரவர் புருஷனைக் குத்திக் காட்டினார்கள். என் வீட்டுக்காரரிடம் எனக்கு எத்தனை கால் என்று கேட்டால் யோசித்துத்தான் பதில் சொல்லுவார்.

மழைக்காலத்தில் அரிப்பு ஆரம்பித்தது. முதலில் தழும்பைச் சுற்றிச் சிவப்பு, பிறகு சின்னச் சின்னக் கொப்புளம், சொறிந்தால் நீர். முழங்காலிலிருந்து கெண்டைக்கால் வரை இறங்கியது. களிம்பு போட்டால் அமுங்கும், இரண்டொரு நாளில் திரும்ப வரும். கூடவே மூட்டிலும் வலி. எலும்பு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, கிருமி இல்லை என்றார். படம் எடுத்துப் பார்த்து, மூட்டு லேசாக ஆட்டம் கண்டிருக்கிறது, அது அவளுடைய பழைய நோயின் வேலையாக இருக்கலாம் என்றார். தோல் டாக்டரம்மாவிடம் அனுப்பினார். அந்தம்மா முதுகில் சின்னச் சின்னதாக ஏதேதோ ஒட்டி அனுப்பி, திரும்ப வரச்சொல்லிப் பார்த்தார். மற்ற இடமெல்லாம் சும்மா இருக்க, ஓரிடம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. நிக்கல்.

வைத்த மூட்டிலும் நிக்கல் கொஞ்சம் கலந்துதான் இருக்கும் என்றார் எலும்பு டாக்டர். ஆனால் தோலுக்கு ஆகாத உலோகம் எலும்புக்குள்ளும் ஆகாது என்று சொல்லிவிட முடியாதாம். எத்தனையோ பேர் சௌக்கியமாக நடமாடுகிறார்களாம். பொறுத்துப் பார்க்கலாம், மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம் என்றார். எடுத்தே ஆகவேண்டும் என்றால், எலும்பு மெலிந்திருப்பதால் வேறு உலோகத்தில் இன்னொரு மூட்டு நிற்கும் என்று உத்தரவாதம் தர முடியாது. தொடை எலும்பையும் கால் எலும்பையும் ஒன்றாகச் சேர்த்து ஒட்டவைத்துவிட வேண்டியதுதான். வலி போகும். கால் மடங்காது.

அன்று சாயங்காலம் மாமா என் மேசைக்கு எதிரே படியில் உட்கார்ந்தார். அவருக்குச் சந்தேகமே இல்லை.

"குழாய்ல முலாம் கொப்புளம் கிளம்புச்சுன்னா, மேல தேய்ச்சு மூடி அனுப்புறவன் திருட்டுப்பய. கொப்புளம் தெரியிறது மேல, கோளாறு இருக்கிறது அடியில. எல்லாத்தையும் உரிச்சுட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இது எங்க தொழில்ல அரிச்சுவடி. டாக்டர் களிம்பு எழுதிக் கொடுக்கிறாரு."

"குழாய்க்கு வலிக்காது மாமா," என்றேன்.

"வலிக்கிறவளைப் பாத்துட்டுத்தாம்மா சொல்றேன்."

அவர் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. உலோகத்தோடு புழங்குகிற மனிதர், உலோகத்தைப் பற்றிச் சொல்கிறார். டாக்டரிடமும் போய் இதையே சொல்லி வாதாடியிருக்கிறார். நிக்கலைப் பற்றி எனக்கா பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டாராம். அந்த டாக்டர் பொறுமைசாலி. மூட்டு ஆட்டம் கண்டதும் உண்மை, நோயாளியின் கஷ்டமும் உண்மை, முடிவை உங்கள் மனைவி சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

அக்கா உடனே சொல்லவில்லை. வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. காயாத துணியையெல்லாம் நான் இஸ்திரிப் பெட்டியாலேயே உலர்த்திக்கொண்டிருந்தேன், படிக்கட்டு முழுக்க ஆவி. அவள் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, துணியில்லாமல் வெறும் பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். அதன் சத்தம் எனக்குத் தெரியும். துணி இருந்தால் ஒரு சத்தம், இல்லாவிட்டால் வேறு சத்தம்.

"மடங்கலைன்னா இதுக்குள்ள கால் நுழையாதுடி," என்றாள். "அவரு ராத்திரியெல்லாம் தூங்காம விசிறிட்டு உக்காந்திருக்காரு. அரிப்புல நான் அவரைத் திட்டுறேன், அதையும் கேட்டுக்கறாரு. மடங்குற காலை வெச்சுட்டு ரெண்டு பேரும் முழிச்சிருக்கிறதைவிட, மடங்காத காலோட தூங்கிடலாம்னு தோணுது."

எடுத்துவிட்டார்கள். காலுக்கு வெளியே ஒரு சட்டம் மாட்டி, எலும்பு கூடுகிறவரை அதோடு படுக்க வைத்தார்கள். சட்டம் வேறு உலோகத்தில் செய்தது, பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். நான் ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பேன். வார்டு நர்ஸ் பொல்லாதவள். காலுக்குப் பக்கத்தில் யாரையும் அண்டவிடமாட்டாள். மாமா கட்டில் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. தோல் சுத்தமாகிவிட்டது. சிவப்பில்லை, கொப்புளமில்லை. அக்கா மத்தியானத்தில் குறட்டை விட்டுத் தூங்கினாள்.

"பாத்தியா? அடியில இருந்ததை எடுத்தாச்சு, மேல தானா சரியாயிடுச்சு," என்று என்னிடம் சொன்னார், நர்ஸிடம் சொன்னார், அடுத்த கட்டில்காரர்களிடமும் சொன்னார். பட்டறையில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாராம். எலும்பு டாக்டரே, நீங்கள் சொன்னது சரியாக இருந்திருக்கும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் மாமாவை எங்கே பிடிப்பது.

சட்டத்தைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். மடங்காத ஒரு கால் ஒரு சின்ன வீட்டை என்ன பாடுபடுத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். கழிப்பறைக் கதவைச் சாத்த முடியாது. அதனால் அவள் போகும்போது மாமா வாசலில் போய் நிற்பார். கட்டிலை அலமாரிப் பக்கம் திருப்பிப் போட்டதில் அலமாரி பாதிதான் திறந்தது. மெஷினைச் சுவரோரம் தள்ளி, அதன்மேல் துணி மடித்து வைத்தார்கள். காஜா எடுக்கிறேன், பொத்தான் தைக்கிறேன் என்று என்னிடமிருந்து வேலை கேட்டு வாங்குவாள். ஊசியைப் பிடிக்க விரல் வராமல், சாயங்காலம் பாதியைத் திருப்பித் தருவாள். அழமாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எலும்பு கூடிவிட்டது, இனி தொடலாம் என்றதும் மாமா மறுபடி எண்ணெயை எடுத்தார். பட்டறையிலிருந்து வருவார், தரையில் உட்காருவார், நீட்டிய காலின் கீழே ஒரு தலையணை வைத்து நீவிவிடுவார்.

திரும்பவும் வந்தது. முதலில் சிவப்பு, பிறகு கொப்புளம். பாவாடையால் மூடி மூடி வைத்திருந்து, முடியாமல் ஒருநாள் எனக்குக் காட்டினாள். அவரிடம் சொல்லவில்லையாம். அவர் எண்ணெய் தேய்க்கும்போது விளக்கு மங்கலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டாளாம். பாவம், மிட்டாய் கொடுத்த மனுஷன் என்றாள்.

அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நான்தான் அவளைத் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து ரொம்ப நேரம் பார்த்தார். இந்தக் காலில் மட்டும்தானா என்று கேட்டார். இதற்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். எண்ணெய். யார் தேய்க்கிறது? வீட்டுக்காரர். அவருக்கு என்ன வேலை? அக்கா சொன்னாள்.

"கையைக் கழுவிட்டுத்தான் தேய்ப்பாரா?"

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கழுவாம தொடுவாரா? பட்டறையிலயே முழங்கை வரைக்கும் சுடுதண்ணியில கழுவிட்டுத்தான் வருவாரு."

"குழாய்த் தண்ணியா?"

"இல்ல, கடைசித் தொட்டியில இருக்கிற…" என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். பச்சைத் தொட்டியிலிருந்து வருகிற ஒவ்வொரு சாமானும் துளித்துளியாக நிக்கலைக் கொண்டுவந்து அந்தச் சுடுதண்ணீரில் விடும். பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கும். அது அவர் கை வெடிப்பிலும் நகக்கண்ணிலும் தங்கி, எண்ணெயோடு சேர்ந்து இவள் தோலில் ஏறுகிறது. இவள் தோலுக்கு அது ஆகாது. உறை போட்டு வேலை செய்யட்டும், சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவட்டும், கொஞ்ச காலத்துக்கு உங்களைத் தொடாமல் இருக்கட்டும், ஆறிவிடும் என்றார்.

அக்கா தலையாட்டினாள். பாவாடையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு கேட்டாள்:

"அப்போ முட்டிக்குள்ள வெச்சிருந்தது?"

"அதுவும் சேந்து பண்ணியிருக்கலாம். பண்ணாமலும் இருந்திருக்கலாம். எடுத்தாச்சு, இனிமே உறுதியா சொல்ல முடியாதும்மா."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ஆஸ்பத்திரியில அவரு தொடலை, சரியாச்சு. வீட்டுக்கு வந்து தொட்டாரு, வந்துடுச்சு. அன்னிக்கே இதைக் கேட்டிருக்கணும். நானும் கேக்கல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கால் நடுவழியில் நீட்டிக்கொண்டிருந்தது. ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லாம் முறைத்தார்கள். ஒருத்தர் காலை மடக்கி உட்காரக் கூடாதா என்று கேட்டே விட்டார். நான் சண்டைக்குப் போனேன். உண்மையில் அந்த ஆள் மேல் எனக்குக் கோபமில்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தத் தொட்டி மேலா, டாக்டர்கள் மேலா, தினம் தினம் பெண்டாட்டி காலைப் பிடித்துவிட்ட ஒரு மனிதர் மேலா?

அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். எங்கள் நிறுத்தத்துக்கு முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

"அவருகிட்ட எதைச் சொல்றது, எதை விடுறதுன்னு யோசிக்கிறேன். நீ வாயை மூடிட்டு இரு."

அன்று சாயங்காலம் இஸ்திரி போட்ட துணிகளை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மாமா அப்போதுதான் வந்திருந்தார். எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்பில் காட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவிடம் போய் வந்தோம், எண்ணெய் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றாள் அக்கா. சரி என்று உடனே அடுப்பை அணைத்தார்.

"எண்ணெய் இல்லைன்னா என்ன, சும்மா பிடிச்சு விடறேன்," என்று தரையில் உட்கார்ந்து காலில் கை வைத்தார்.

அக்கா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். இழுக்க வேண்டுமென்றால் அது மடங்க வேண்டுமே.

"கையை எடுங்க," என்றாள்.

"வலிக்குதா?"

"வலிக்கல. உங்க கைதான் எனக்கு ஒத்துக்கல."

அவருக்குப் புரியவில்லை. அவள் பாவாடையை விலக்கிக் கொப்புளத்தைக் காட்டினாள். சுடுதண்ணீர்த் தொட்டியைப் பற்றி டாக்டரம்மா சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார், அது கண்ணாடி மாதிரி நல்ல தண்ணீராயிற்றே என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். தண்ணீரை மாற்றுகிற அன்று அந்தத் தொட்டியின் அடியில் என்ன நிறம் படிந்திருக்கும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? கையைக் காலிலிருந்து எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"வேலையை விட்டுடறேன்," என்றார்.

"விட்டுட்டு? என் மெஷின் ஓடல. நீங்களும் நின்னுட்டா இந்த வீட்டுல எது ஓடும்? உறை போட்டுக்குங்க. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவுங்க. கொஞ்ச நாளைக்குத் தொடாதீங்க. அவ்வளவுதானே."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்போ மூட்டை எடுத்தது?"

"அது வேற, இது வேற," என்றாள் அக்கா. "அப்ப வந்தது உள்ள இருந்த இரும்பால வந்தது. எடுத்தது ரொம்ப நல்லதாப் போச்சுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. விட்டிருந்தா எலும்பெல்லாம் அரிச்சுப் போயிருக்குமாம். நீங்க பிடிவாதமா நின்னீங்களேன்னு நல்லவிதமாத்தான் பேசினாங்க. இப்ப புதுசா வந்திருக்கிறதுதான் கையால."

துணி நாளைக்கு ரெடியாகிவிடும் என்று கஸ்டமர்களிடம் சொல்வதைத் தவிர அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அன்று எங்கும் தடுக்காமல், ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

மாமா என் பக்கம் திரும்பினார். "நீயும் கூடத்தானேம்மா இருந்தே. அப்படித்தான் சொன்னாங்களா?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் இருந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மாமா," என்றேன். "அப்படியேதான் சொன்னாங்க."

அவர் தலையை ஆட்டினார். திரும்பத் திரும்ப ஆட்டிக்கொண்டே இருந்தார். நம்பினாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல், கையிலிருந்த துணியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் நீட்டினேன். எழுந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார். அடுக்கில் மேலாக அக்காவின் பாவாடை இருந்தது. கையை அப்படியே பின்னால் கொண்டுபோய்விட்டார்.

"அங்கயே வெச்சிடும்மா," என்றார்.